கறுப்புக் கேபிளும் ஒன்பது ஊசிகளும்

மாணவப் பருவத்தில் நான் அன்றாடம் பயன்படுத்திய டிஐ-83 வரைபடக் கணிப்பானை அண்மையில் மேசை இழுப்பறையிலிருந்து மீண்டும் எடுத்தேன். இயக்கியதும் திரையில் தோன்றிய முதல் வாசகம், மின்கலங்கள் வலுவிழந்துவிட்டன, அவற்றை மாற்றுங்கள் என்பதுதான். நிரல் பட்டியலைத் திறந்தபோது பதினொரு நிரல்கள் நான் விட்டுச்சென்றபடியே இருந்தன. நியூட்டன்-ராப்சன் முறையில் சமன்பாட்டின் மூலத்தைக் காணும் நிரல், சிம்ப்சன் விதிப்படி தொகையீட்டைக் கணக்கிடும் நிரல், அணிக்கோவைகளைப் படிப்படியாகச் சுருக்கிக் காட்டும் நிரல் ஆகியவை அவற்றுள் அடங்கும். அவற்றின் ஒவ்வொரு வரியையும் அந்தச் சிறிய விசைகளை ஒவ்வொன்றாக அழுத்தி எழுதியிருந்தேன். வேறெங்கும் அவற்றுக்குப் பிரதி கிடையாது. அவற்றை மேசைக்கணினிக்குக் கொண்டுவந்து சேர்த்த கதையே இந்தப் பதிவு. இதே நிலையில் இருக்கும் வேறொருவருக்கு நான் செலவிட்ட மாலைப்பொழுதுகள் மிச்சமாகட்டும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

1996-இல் வெளிவந்த டிஐ-83-இல், மின்சாரம் போனாலும் அழியாத ஃபிளாஷ் நினைவகம் இல்லை. அதிலுள்ள 32 கிலோபைட் ரேமில் ஏறத்தாழ 27 கிலோபைட் மட்டுமே பயனருக்குக் கிடைக்கும். நாம் எழுதும் நிரல்கள், பட்டியல்கள், அணிகள் எல்லாமே அதற்குள்தான் வாழ்கின்றன. மின்சாரம் இருக்கும்வரைதான் ரேமுக்கு நினைவு உண்டு. நான்கு டிரிபிள்-ஏ மின்கலங்கள் அந்த மின்சாரத்தைத் தருகின்றன. அவற்றை மாற்றும் இடைவேளையில் நினைவகத்தைத் தாங்கிப் பிடிப்பதற்காகச் சிஆர்1616 அல்லது சிஆர்1620 வகை லித்தியம் பொத்தான் மின்கலம் ஒன்று தனியாக உள்ளே இருக்கிறது. இரண்டும் ஒருசேரத் தீர்ந்துவிட்டால் நிரல்கள் போய்விடும், பிறகு மீட்க வழியே இல்லை. 1999-இல் வந்த டிஐ-83 பிளஸ்ஸில் ஃபிளாஷ் நினைவகம் சேர்க்கப்பட்டதால், அதன் ஆர்க்கைவ் பகுதியில் வைத்தவை மின்கலம் இல்லாமலும் அழியாமல் இருக்கும். என்னிடம் இருப்பதோ பழைய மாதிரி. ஆகவே முதல் வேலையாகப் பொத்தான் மின்கலத்தைத் தொடாமல் நான்கு டிரிபிள்-ஏ மின்கலங்களை மட்டும் விரைவாக மாற்றினேன். இரண்டையும் ஒரே நேரத்தில் கழற்றிவிடாதீர்கள் என்பதை இங்கேயே அழுத்தமாகச் சொல்லிவைக்கிறேன்.

கணிப்பானோடு ஒரு கறுப்புக் கேபிளும் அதே இழுப்பறையில் இருந்தது. அதன் ஒரு முனையில் 2.5 மில்லிமீட்டர் தடிமனுள்ள, மூன்று தொடுமுனைகள் கொண்ட சிறு செருகி. மறுமுனையில் ஒன்பது துளைகள் கொண்ட சீரியல் இணைப்பி. இந்தக் கணிப்பான்களைக் கணினியோடு இணைக்கும் கிராஃப் லிங்க் கேபிள்களில் கறுப்பு, சாம்பல் என இரு நிறங்களில் சீரியல் வகைகள் வந்தன. நிறம் தவிர வேறு வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது என்பதால், இரண்டும் ஒன்றுதான் என்றே நெடுங்காலம் நினைத்திருந்தேன். உண்மையில் அவை வேலை செய்யும் விதமே வேறு என்பது இந்த முயற்சியின்போதுதான் எனக்குத் தெரியவந்தது. இணைப்பு பற்றி நான் கற்றுக்கொண்டவற்றுள் இதைவிட முக்கியமானது எதுவும் இல்லை.

என் மேசைக்கணினியின் பின்புறத்தில் ஒன்பது ஊசி சீரியல் போர்ட் இல்லை. எல்லோரும் செய்வதைப் போல நானும் யூஎஸ்பி-சீரியல் மாற்றி ஒன்றை வாங்கிச் செருகினேன். இயங்குதளம் அதை உடனே அடையாளம் கண்டுகொண்டது. புதிய போர்ட் ஒன்று பட்டியலில் தோன்றியது. மாற்றியில் எந்தக் குறையும் இருப்பதாகத் தெரியவில்லை. ஆனால் பரிமாற்ற மென்பொருள் கணிப்பானைத் தேடித் தேடிப் பார்த்துவிட்டு, பதில் வரவில்லை என்று ஒவ்வொரு முறையும் நின்றுவிட்டது. கேபிள் அறுந்திருக்கலாம் என்று மல்டிமீட்டரால் சோதித்தேன், கணிப்பானின் இணைப்புத் துளையைத் துடைத்தேன், வேகத்தை மாற்றினேன், வேறு வகை மாற்றி ஒன்றையும் வாங்கிப் பார்த்தேன். இரண்டு மாலைப்பொழுதுகள் இப்படிக் கழிந்த பிறகுதான், கணிப்பான் எந்த மொழியில் பேசுகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ளாமல் கேபிளைக் குறைசொல்வது முறையல்ல என்று உட்கார்ந்து படிக்கத் தொடங்கினேன்.

சீரியல் போர்ட் என்றதும் நம் நினைவுக்கு வருவது, ஒரே கம்பியில் பிட்டுகள் வரிசையாகக் குறித்த வேகத்தில் ஓடும் முறை. வினாடிக்கு 9600 பிட் வேகம் என்றால் ஒவ்வொரு பிட்டும் சுமார் 104 மைக்ரோவினாடி நீடிக்கும்; தொடக்க பிட் ஒன்று, தரவு பிட்டுகள் எட்டு, நிறுத்த பிட் ஒன்று என ஒரு பைட்டுக்குப் பத்து பிட்டுகள் செல்வதால் வினாடிக்கு 960 பைட் போகும். இந்த முறையில் அனுப்புபவரும் பெறுபவரும் தத்தம் கடிகாரத்தை நம்பியே இயங்குகிறார்கள். டிஐ-83-இன் இணைப்புத் துளை இந்த வழியில் பேசுவதே இல்லை. அங்கே சிவப்பு, வெள்ளை என்று அழைக்கப்படும் இரண்டு சமிக்ஞைக் கம்பிகளும் ஒரு தரைக் கம்பியும் உள்ளன. எதுவும் நடக்காதபோது இரண்டு கம்பிகளும் உயர் நிலையில் இருக்கும். 0 என்ற பிட்டை அனுப்ப விரும்புபவர் சிவப்புக் கம்பியைக் கீழே இழுக்கிறார். அதைக் கண்ட மறுமுனை, பெற்றுக்கொண்டேன் என்பதற்கு அடையாளமாக வெள்ளைக் கம்பியைக் கீழே இழுக்கிறது. அதைக் கண்டதும் அனுப்பியவர் சிவப்பை விடுவிக்கிறார். சிவப்பு மேலே போனதைக் கண்டு மறுமுனை வெள்ளையை விடுவிக்கிறது. இரண்டும் மீண்டும் உயர்ந்தவுடன் ஒரு பிட் போய்ச் சேர்ந்தது என்று பொருள். 1 என்ற பிட்டுக்கு இதே நடைமுறையில் கம்பிகள் இடம் மாறும்: அனுப்புபவர் வெள்ளையை இழுப்பார், பெறுபவர் சிவப்பை இழுப்பார். ஒவ்வொரு பைட்டிலும் மதிப்புக் குறைந்த பிட்டே முதலில் போகும்.

இந்த ஏற்பாட்டை எத்தனை முறை யோசித்துப் பார்த்தாலும் எனக்கு வியப்பு குறைவதில்லை. இரு தரப்புக்கும் பொதுவான கடிகாரம் தேவையில்லை. ஒருவர் எவ்வளவு மெதுவாக இருந்தாலும் மற்றவர் காத்திருப்பார். எந்தத் தரப்பும் கம்பியைக் கீழே இழுக்க மட்டுமே செய்கிறது, மேலே தள்ளுவதில்லை என்பதால் இருவர் ஒரே நேரத்தில் ஒரு கம்பியைப் பிடித்தாலும் சுற்றுக்குக் கேடு வராது. 6 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடும் இசட்80 செயலி, சீரியல் பரிமாற்றத்துக்கெனத் தனிச் சில்லு எதுவும் இல்லாமலேயே, மென்பொருளைக் கொண்டு மட்டும் இந்தப் பேச்சை நடத்திவிடுகிறது. இரண்டு கணிப்பான்களை ஒரு சிறு கம்பியால் நேரடியாக இணைத்து மாணவர்கள் நிரல்களைப் பகிர்ந்துகொண்டதும் இதே முறையில்தான். இதில் ஒரே ஒரு நிபந்தனை உண்டு: காத்திருப்புக்கு எல்லை இருக்கிறது. குறித்த நேரத்துக்குள் மறுமுனையிலிருந்து அசைவு இல்லையென்றால் கணிப்பான் பரிமாற்றத்தைக் கைவிட்டுவிடும்.

இப்போது கேபிளுக்கு வருவோம். சாம்பல் நிறக் கேபிளுக்குள் மைக்ரோகன்ட்ரோலர் என்ற சிறு கணினிச் சில்லு ஒன்று இருக்கிறது. கணிப்பானோடு இரண்டு கம்பிப் பேச்சை அதுவே நடத்துகிறது. கணினியோடு 9600 வேகத்தில், எட்டு தரவு பிட், பிழையைக் காண உதவும் சமநிலை பிட் இல்லை, ஒரு நிறுத்த பிட் என்ற வழக்கமான சீரியல் மொழியில் பேசுகிறது. கறுப்புக் கேபிளுக்குள் அப்படிப்பட்ட மொழிபெயர்ப்பாளர் யாரும் இல்லை. சீரியல் போர்ட்டில் தரவு செல்லும் ஊசிகளை அது பயன்படுத்துவதே கிடையாது. கணினியின் ஆர்டிஎஸ், டிடிஆர் என்ற இரண்டு கட்டுப்பாட்டு வெளியீடுகளால் சிவப்பையும் வெள்ளையையும் அசைக்கிறது, சிடிஎஸ், டிஎஸ்ஆர் என்ற இரண்டு உள்ளீடுகளின் வழியே அவற்றின் நிலையைப் படிக்கிறது. அதாவது பரிமாற்றத்துக்கான அறிவு முழுவதும் கணினியில் ஓடும் மென்பொருளில் இருக்கிறது. ஒவ்வொரு பிட்டுக்கும் இரண்டு அசைவுகளையும் இரண்டு கவனிப்புகளையும் கணினியே செய்தாக வேண்டும். நான் வேகத்தை மாற்றி மாற்றிப் பார்த்தது ஏன் எந்தப் பயனும் தரவில்லை என்பது இங்கேதான் விளங்கியது. தரவு ஊசிகளுக்கான வேகம், தரவு ஊசிகளையே தொடாத கேபிளுக்கு எப்படிப் பொருந்தும்?

தாய்ப்பலகையிலேயே இருக்கும் சீரியல் போர்ட்டில் கட்டுப்பாட்டு ஊசி ஒன்றை மாற்றுவதும் படிப்பதும் சில மைக்ரோவினாடிகளில் முடிந்துவிடும். யூஎஸ்பி மாற்றியில் அந்த மாற்றம் ஒவ்வொன்றும் தனிக் கோரிக்கையாகப் பொட்டலம் கட்டப்பட்டு, தன் முறைக்காகக் காத்திருந்து போய்ச் சேர வேண்டும். உள்ளீட்டு ஊசிகளின் நிலையும் அதேபோல் அறிக்கையாகத்தான் திரும்பி வரும். முழுவேக யூஎஸ்பியில் ஒரு சட்டகத்தின் நீளம் 1 மில்லிவினாடி. ஒவ்வோர் அசைவுக்கும் ஒவ்வொரு கவனிப்புக்கும் குறைந்தது ஒரு மில்லிவினாடி என்றே வைத்துக்கொண்டாலும் ஒரு பிட்டுக்கு 4, ஒரு பைட்டுக்கு 32 மில்லிவினாடி ஆகிறது. 27 கிலோபைட்டை நகர்த்த 15 நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். அதுவும் எல்லா அறிக்கைகளும் தவறாமல் உரிய நேரத்தில் வந்தால்தான். நேரத்தைக் கணக்கிட்டு இயங்கும் மென்பொருளுக்கு இந்தத் தாமதம் மறுமுனை இறந்துவிட்டதைப் போலவே தெரிகிறது. ஆகவே யூஎஸ்பி மாற்றி வழியாகத்தான் இணைக்க முடியும் என்ற நிலையில் இருப்பவர்கள் சாம்பல் நிறக் கேபிளைத் தேடுவதே சரி. வழக்கமான சீரியல் மொழி பேசும் அந்தக் கேபிளுக்கு மாற்றியின் தாமதம் பொருட்டல்ல. கறுப்புக் கேபிள் மட்டுமே கையில் இருந்தால் உண்மையான சீரியல் போர்ட் வேண்டும்.

அந்தப் போர்ட் என் கணினிக்குள்ளேயே இருந்தது என்பதுதான் இதில் நான் எதிர்பாராத நல்ல செய்தி. பின்புறத்தில் போர்ட் இல்லாத பல மேசைக்கணினிகளின் தாய்ப்பலகையில்கூட ஐந்தைந்தாக இரண்டு வரிசையில் ஊசிகள் நிற்கும், ஓர் ஊசி மட்டும் இல்லாத சிறு ஊசித்தொகுப்பு ஒன்று இருக்கும்; அருகில் காம் என்ற பெயர் அச்சிடப்பட்டிருக்கும். பட்டைக் கம்பியும் தகட்டில் பொருத்திய ஒன்பது ஊசி இணைப்பியும் கொண்ட சிறு துணைப்பொருளை அதில் செருகி, கணினியின் பின்புற இடைவெளியில் திருகினால் போர்ட் தயார். ஆனால் இந்தத் தொகுப்புகளில் ஊசிகளின் வரிசை இரண்டு விதமாக வழங்கிவருகிறது. நான் முதலில் பொருத்திய பட்டைக் கம்பி என் பலகைக்கு உரிய வரிசையில் இல்லை. அதைக் கண்டுபிடித்தது எளிய சோதனை ஒன்றினால்தான்: அனுப்பும் ஊசியான 3-ஐயும் பெறும் ஊசியான 2-ஐயும் ஒரு சிறு கம்பியால் இணைத்துவிட்டு, முனைய மென்பொருளில் எழுத்துகளைத் தட்டினால் அவை அப்படியே திரும்பி வர வேண்டும். எனக்கு ஒன்றுமே திரும்பி வரவில்லை. 5-ஆம் ஊசிக்கும் கணினியின் உலோகப் பெட்டிக்கும் இடையே தொடர்ச்சி இருக்கிறதா என்று மல்டிமீட்டரில் பார்த்தபோது அதுவும் இல்லை. தரைக் கம்பியே வேறோர் ஊசிக்குப் போயிருந்தது. சரியான வரிசையுள்ள பட்டைக் கம்பியை மாற்றியதும் எழுத்துகள் திரும்பி வந்தன.

இந்தச் சோதனையோடு நான் நிறுத்திக்கொள்ளவில்லை. 2-க்கும் 3-க்கும் இடையேயான சோதனை தரவு ஊசிகளை மட்டுமே உறுதிசெய்கிறது, கறுப்புக் கேபிளுக்கு வேண்டியவையோ முறையே டிடிஆர், டிஎஸ்ஆர், ஆர்டிஎஸ், சிடிஎஸ் ஆகியவற்றுக்கான 4, 6, 7, 8 ஆகிய ஊசிகள். 7-ஐ 8-உடனும், 4-ஐ 6-உடனும் இணைத்து, வெளியீட்டை மாற்றும்போதெல்லாம் உள்ளீடும் மாறுகிறதா என்று பார்த்துக்கொண்ட பிறகே கணிப்பானைப் பக்கத்தில் வைத்தேன்.

சீரியல் போர்ட்டுகள் பின்பற்றும் ஆர்எஸ்-232 தரத்தில் ஒரு தரவுக் கம்பி எதிர்மின் அழுத்தத்தில் இருந்தால் 1 என்றும் நேர்மின் அழுத்தத்தில் இருந்தால் 0 என்றும் பொருள். பெறும் முனையில் 3 முதல் 15 வோல்ட் வரை, நேராகவோ எதிராகவோ, ஏற்கப்படும்; மேசைக்கணினிகளில் 10 வோல்ட்டைத் தாண்டிய அழுத்தம் ஊசிகளில் இருப்பது சாதாரணம். கணிப்பானின் உள்சுற்று அத்தகைய அழுத்தத்துக்காக வடிவமைக்கப்பட்டதன்று. செருகியை வெட்டி, சீரியல் இணைப்பியின் ஊசிகளோடு கம்பிகளை நேரடியாகப் பற்றவைத்துப் பார்க்கலாமே என்ற எண்ணம் எனக்கும் ஒரு கட்டத்தில் வந்தது. அதைச் செய்யாமல் விட்டதற்காக மகிழ்கிறேன். கறுப்புக் கேபிளின் சிறு சுற்று அழுத்தத்தைக் கட்டுக்குள் வைக்கும் வேலையைச் செய்கிறது. அதைத் தவிர்த்துவிட்டு யாரும் குறுக்குவழி தேட வேண்டாம்.

மென்பொருளைப் பொறுத்தவரை, டிஐஎல்பி என்ற கட்டற்ற பரிமாற்ற மென்பொருளையே நான் லினக்ஸில் பயன்படுத்தினேன். கேபிளின் வகை, போர்ட்டின் எண், கணிப்பானின் மாதிரி ஆகிய மூன்றையும் அதில் சரியாகத் தெரிவுசெய்ய வேண்டும். கேபிளைத் தவறாகச் சொன்னால் அது முற்றிலும் வேறு முறையில் பேசத் தொடங்கிவிடும். உபுண்டு போன்ற வழங்கல்களில் சீரியல் போர்ட்டைத் தொடும் உரிமை டயல்அவுட் என்ற குழுவுக்கு மட்டும் இருப்பதால், நம் பயனர் கணக்கை அந்தக் குழுவில் சேர்த்துவிட்டு, வெளியேறி மீண்டும் நுழைய வேண்டும்.

கணிப்பானில் செகண்ட் விசையை அழுத்திவிட்டு எக்ஸ், டி, தீட்டா என்று எழுதியுள்ள விசையை அழுத்தினால் லிங்க் பட்டியல் வரும். அனுப்பும் பக்கத்தில் நிரல்களைத் தேர்ந்தெடுத்து, டிரான்ஸ்மிட் என்பதை அழுத்தினேன். சில நொடிகளில் பரிமாற்றப் பிழை என்ற அறிவிப்பு வந்தது. இரண்டு மாலைகளின் நினைவு மீண்டும் எழுந்தாலும், இம்முறை காரணம் மிக எளிது: 2.5 மில்லிமீட்டர் செருகி முழுவதுமாக உள்ளே போகவில்லை. இந்தத் துளை சற்று இறுக்கமானது; போய்விட்டது என்று நாம் நினைக்கும் இடத்துக்குப் பிறகும் ஒரு சிறு அழுத்தம் தேவைப்படுகிறது. அந்தக் கடைசி அழுத்தத்தைக் கொடுத்தபின் மறுபடி அனுப்பினேன். சிம்ப்சன் நிரலின் பெயர் கணினித் திரையில் தோன்றிய கணத்தை நான் மறக்கப்போவதில்லை.

பைட்டுகளுக்கு மேலே இன்னோர் ஒழுங்கும் இருக்கிறது. ஒவ்வொரு பொட்டலமும் அனுப்பும் கருவியைக் குறிக்கும் ஒரு பைட்டில் தொடங்கி, கட்டளைக்கு ஒரு பைட், நீளத்துக்கு இரண்டு பைட், பிறகு தரவு, இறுதியில் தரவு பைட்டுகளின் கூட்டுத்தொகையாக இரண்டு பைட் என அமைகிறது. பதினறும எண்ணில் 56 என்ற கட்டளை வந்தால் பெற்றுக்கொண்டேன் என்று பொருள். 5ஏ வந்தால் கூட்டுத்தொகை பொருந்தவில்லை, மீண்டும் அனுப்பு என்று பொருள். 92 வந்தால் பரிமாற்றம் முடிந்தது. கூட்டுத்தொகை ஒரு நல்ல காவல்தான் என்றாலும், ஒவ்வொரு நிரலையும் இரண்டு முறை எடுத்து, இரு கோப்புகளின் நிரல் பகுதியையும் ஒப்பிட்டு, ஒன்றாக இருப்பதைப் பார்த்த பிறகே நான் நிம்மதி அடைந்தேன்.

வந்து சேரும் கோப்பு உரைக்கோப்பு அன்று. கணிப்பான் தன் நிரல்களை எழுத்து எழுத்தாகச் சேமிப்பதில்லை. ஒவ்வொரு கட்டளையையும் ஒன்றிரண்டு பைட் கொண்ட குறியீடாகச் சுருக்கி வைக்கிறது. திரையில் காட்டும் கட்டளையான டிஸ்ப் என்பதற்கு ஆங்கிலத்தில் நான்கு எழுத்துகள், நினைவகத்தில் அது ஒரே பைட். 27 கிலோபைட்டுக்குள் அத்தனை நிரல்கள் அடங்கியதன் ரகசியமும் இதுவே. எனவே மூலக்கோப்பை அப்படியே பாதுகாத்துக்கொண்டு, குறியீடுகளை மீண்டும் சொற்களாக விரித்த உரைவடிவத்தையும் தனியே சேமித்துவைத்தேன். கணிப்பானின் முழு நினைவகத்தையும் ஒரே கோப்பாக எடுக்கும் வசதியும் உண்டு. ஆனால் அதைத் திரும்ப ஏற்றினால் அப்போது கணிப்பானில் இருப்பவை எல்லாம் அழிந்து அந்தப் பழைய நிலையே வரும். நிரல்களைத் தனித்தனியாக எடுத்துவைப்பதே பாதுகாப்பான வழி என்பது என் உறுதியான கருத்து.

வேறு கணிப்பான் வைத்திருப்பவர்களுக்காகச் சில வரிகள். 1990-இல் வந்த எச்பி 48எஸ்எக்ஸும் 1993-இல் வந்த 48ஜிஎக்ஸும் உண்மையான சீரியல் மொழியையே பேசுபவை. நான்கு ஊசிகள் கொண்ட அவற்றின் கேபிள் வெறும் கம்பிதான், யூஎஸ்பி மாற்றியோடும் இணங்கிப்போகும். கோப்புப் பரிமாற்றத்துக்கு அவை 1981-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் உருவான கெர்மிட் நெறிமுறையைக் கையாள்கின்றன. கணிப்பானைச் சர்வர் நிலையில் வைத்துவிட்டால் எல்லாவற்றையும் கணினியிலிருந்தே நடத்தலாம். அங்கே கவனிக்க வேண்டியது, பைட்டுகளை மாற்றாமல் அப்படியே அனுப்பும் பைனரி நிலை. கோப்பை உரைநிலையில் அனுப்பினால், நிரலுக்குப் பதிலாக எச்பிஎச்பி48 என்று தொடங்கும் பொருளற்ற எழுத்துச்சரம் ஒன்று, மதிப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் கணிப்பானின் அடுக்கில் வந்து நிற்கும். இரு பக்கமும் பைனரி என்று அமைத்து மீண்டும் அனுப்பினால் சரியாகிவிடும்.

என் பதினொரு நிரல்களும் இப்போது கணினியிலும் தனியாக ஒரு நினைவுக் குச்சியிலும் இருக்கின்றன. கடைசிக் கோப்பையும் ஒப்பிட்டு முடித்த பிறகே கணிப்பானின் பின்மூடியைத் திறந்து, திருகைக் கழற்றி, இத்தனை ஆண்டுகள் நினைவகத்தைக் காத்துவந்த பொத்தான் மின்கலத்தை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தேன். டிரிபிள்-ஏ மின்கலங்கள் நான்கும் தம் இடத்திலேயே இருந்தன. மூடியைப் பொருத்தி இயக்கியபோது நிரல் பட்டியலில் ஒரு பெயரும் குறையவில்லை.